காலி மனையில் ஓர் அவரைப் பந்தல்

நமக்கு வயது 45 என்பதை நாம் மறந்தாலும் வைத்தியர் மறப்பதாயில்லை. "நீரிழிவு வந்துவிட்டது, தினம் அரைமணி நடக்க வேண்டும்" என்று உத்தரவு போட்டார். நடந்தோம், பத்து நாள். போவதற்கு ஓர் இடமில்லாமல் நடப்பதுபோல் அலுப்பான காரியம் உலகத்தில் வேறில்லை. பதினோராம் நாள் நின்றுவிட்டோம்.

நின்ற இடம், கும்பகோணத்தில் நம் தெருக்கோடியிலுள்ள காலி மனை. குப்பையும் சீமைக்கருவேலும் மண்டிக் கிடந்தது. நாலு வீட்டாராகச் சேர்ந்து மனைக்காரரிடம் கேட்டபோது, "தை பிறந்தால் வீடு கட்ட உத்தேசம், அதுவரை எதையாவது போட்டுக்கொள்ளுங்கள்" என்றார் அந்தப் புண்ணியவான். ஆடியில் மண்வெட்டி பிடித்தோம். கையில் கொப்புளம் கண்டது. இராத்திரி தூக்கமும் வந்தது.

அடுத்த வீட்டுப் பெரியவர் அச்சுக்கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் ஈய எழுத்துக் கோத்தவர். மனைவி காலமான பிறகு திண்ணையில் உட்கார்ந்தவர், ஒரு வருஷமாக யாரிடமும் இரண்டு வார்த்தைக்குமேல் பேசினதில்லை. வேலிக்கு வெளியே வந்து நிற்பார், போய்விடுவார். ஒரு நாள், நாற்று விட்ட இடம் தெரிவதற்காக உடைந்த ஓடு ஒன்றில் 'கத்திரி' என்று எழுதி நட்டிருந்தோம்.

"வாத்தியாரே, கத்தரியா, கத்திரியா? நீங்களே இப்படி எழுதினால் பையன்கள் என்ன ஆவார்கள்?"

கோபமாகத்தான் கேட்டார். நமக்கோ பரமானந்தம்! ஓட்டையும் தூரிகையையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டோம். மறுநாள் முதல் செடிக்கு ஓர் ஓடு. சுற்றிலும் கொடி வரைந்து, நடுவில் அச்சில் வார்த்தாற்போல் எழுத்து. தெருக் குழந்தைகள் ஊரெல்லாம் தேடி ஓட்டாஞ்சல்லி கொண்டுவந்து குவிக்கிறார்கள். அவர் கையில் நடுக்கம் உண்டு; எழுத்தில் காணோம்.

இதெல்லாம் பிரமை என்பார் உண்டு. ரோஜர் உல்ரிச் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், பென்ஸில்வேனியா ஆஸ்பத்திரி ஒன்றில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேருடைய குறிப்புகளை ஒப்பிட்டு 1984-ல் வெளியிட்டார். ஜன்னலில் மரம் தெரிந்த 23 பேர், செங்கற்சுவர் தெரிந்த 23 பேரைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள்; கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே வேண்டியிருந்தது. படுத்தபடி பார்த்தவர்களுக்கே இந்தப் பலன்! (நம் நீரிழிவு ஓடிப்போயிற்றென்று நேயர்கள் எண்ண வேண்டாம், மாத்திரை தினமும் விழுங்குகிறோம்.)

வெண்டையும் கத்தரியும் காய்த்துப் பங்கு போட்டாயிற்று. அவரைதான் சோதித்தது. ஆடியில் போட்டது, ஐப்பசிவரை வெறுங்கொடியாகவே ஓடிற்று. நாட்டு அவரை அப்படித்தான். பகல் குறுகி இரவு நீண்டாலன்றிப் பூக்காது. கார்த்திகையில் பந்தல் நிறையப் பூத்தது.

அந்த வாரமே மனைக்காரர் கொத்தனாரோடு வந்து நூல் பிடித்து அளந்தார். அவர்கள் போகும்வரை பெரியவர் பந்தலடியை விட்டு நகரவில்லை.

"வாத்தியாரே, தைக்கு இன்னும் எத்தனை நாள்?"

"நாற்பத்தொன்று."

ஒன்றும் சொல்லவில்லை. இருந்ததில் பெரிய ஓடாகப் பார்த்து எடுத்தார். சாயங்காலம் அது, மனைக்காரர் வரும் வழியைப் பார்த்தபடி நடப்பட்டிருந்தது: 'அவரை. மாசி வரை பொறுத்தருள்க.'