ஒரு கடை, ஒரு பண்டம்

இஸ்தான்புல்லில் நல்ல இனிப்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டால், தெருப்பெயர் சொல்பவரை நம்ப வேண்டாம் என்பது என் கட்சி. ஒன்றரைக் கோடிக்கு மேல் மக்கள் வாழும் ஊர். இஸ்திக்லால் தெருவிலும் சிர்கெஜி ரயில் நிலையத்தைச் சுற்றியும் பச்சை, சிவப்பு, ரோஜா நிறங்களில் இனிப்பைக் கோபுரமாக அடுக்கிய கண்ணாடி அலமாரிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அந்த ஊரின் இனிப்பு தெருவாரியாகப் பிரிந்திருப்பதைவிடத் தொழில்வாரியாகத்தான் பிரிந்து கிடக்கிறது. துருக்கி மொழியே இதற்குச் சாட்சி. பக்லாவா செய்பவர் பக்லவாஜி. பால் பண்டம் செய்பவர் முஹல்லெபிஜி. மெல்லிய மாவுத்தாள்களுக்கு நடுவே பாலாடைக்கட்டியோ கறியோ வைத்துச் சுடும் பொரெக்குக்கு ஒரு பொரெக்சி, எள் ஒட்டிய வளையமான சிமித்துக்கு ஒரு சிமித்சி, அல்வாவுக்கு ஒரு ஹெல்வாஜி. பண்டத்தின் பெயரோடு ‘ஜி’யோ ‘சி’யோ ஒட்டினால் ஆள் வந்துவிடுவார். நமக்கும் இந்த விகுதி புதிதல்ல. சங்கத்துப் பணத்தைப் பார்த்துக்கொள்பவரைக் கஜாஞ்சி என்கிறோமே, அந்தக் கடைசி ‘சி’ துருக்கிய மொழிகளிலிருந்து பாரசீகம் வழியாக வந்து இறங்கியதுதான். பொதுவாக இனிப்புக்காரர் என்று சொல்ல அங்கேயும் சொல் உண்டு. ஆனால் நாக்கு நீண்ட உள்ளூர்க்காரர் அந்தப் பொதுச்சொல்லோடு கடை தேடிப் புறப்படுவதில்லை.

ஒருவர் ஒன்றையே செய்வதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு தட்டு பக்லாவா உருவாகும் விதத்தைப் பார்த்தால் போதும். பிசைந்த மாவைச் சிறு உருண்டைகளாக்கித் தட்டி, ஒட்டிக்கொள்ளாமலிருக்க இடையிடையே ஸ்டார்ச் மாவைத் தாராளமாகத் தூவி, பல தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபடியே ஒக்லவா என்ற ஒல்லியான நீளக் கட்டையால் தேய்க்கிறார்கள். தேய்த்த தாளைத் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்பவர் நிழலாகத் தெரிய வேண்டும். அப்படிப்பட்ட தாள் ஒரு தட்டுக்கு நாற்பது வரை போகும். நடுவில் காசியான்தெப் வட்டாரத்துப் பிஸ்தா, அதுவும் முழுக்க முற்றும் முன்பே பறித்து, பச்சை நிறம் மாறாதிருப்பது. துண்டு போட்ட பிறகுதான் உருக்கிய நெய் இறங்கும். அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு கொதிக்கும் பாகு இறங்கும். அந்தப் பாகுக்கு அங்கே ஷெர்பெத் என்று பெயர். நம் சர்பத்தேதான், கொஞ்சம் கெட்டியாகிவிட்டது. பாகு ஒரு பதம் தவறினால் மேல்தாள் நமுத்துப்போகும், அல்லது அடித்தாள் கல்லாகும். முள்கரண்டி இறங்கும்போது சரசரவென்று சத்தம் கேட்கவில்லை என்றால் அந்தத் துண்டைப் பற்றி மேலே பேச எதுவும் இல்லை. இந்தக் கைப்பழக்கம், பகலில் கேக்கும் மாலையில் பக்லாவாவும் செய்பவருக்கு வாய்ப்பது கடினம்.

பால் பண்டத்தின் நியாயம் வேறு. பாலுக்கு ஆயுள் குறைவு, அடிப்பிடிக்கும் குணம் அதிகம். முஹல்லெபிஜி அந்த அடிப்பிடித்தலையே ஒரு பண்டமாக்கிவிட்டார். கஸான்திபி என்ற பெயருக்கே ‘அண்டாவின் அடி’ என்றுதான் பொருள். வேண்டுமென்றே தட்டின் அடியைக் கருகவிட்டு, அந்தப் பழுப்புத்தோல் பிய்யாமல் கரண்டியால் வழித்துச் சுருட்டித் தருகிறார். அதன் தாய்ப்பண்டம் தாவுக் கொக்ஸு. கோழி நெஞ்சுக்கறியை வேகவைத்து, நூல் நூலாகப் பிரித்து, கறி வாடை போகுமட்டும் அலசி, பாலும் சர்க்கரையும் அரிசி மாவும் சேர்த்துக் காய்ச்சுவது. பாயசத்தில் கோழியா என்று முகம் சுளிக்கிறவருக்குச் சொல்லாமல் கொடுத்தால், கொஞ்சம் இழுவையான பால் கொழுக்கட்டை என்றுதான் நினைப்பார். நார் தெரியாமல் செய்வதில்தான் திறமை இருக்கிறது. அந்தத் திறமை பக்லாவாக்காரருக்குத் தேவையே இல்லாதது.

இதற்கு முதலில் எழும் மறுப்பு நேர்மையானது. எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும்போது ஊரெல்லாம் அலைவது பழமை மோகம் இல்லையா? கொஞ்சம் மோகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஒஸ்மானிய காலத்துக் கைத்தொழில் சங்கங்கள் பண்டத்துக்குப் பண்டம் தொழிலைப் பிரித்து வைத்தது தின்பவரின் நாக்கை உத்தேசித்து அல்ல. வரி வாங்கவும், விலையைக் கட்டவும், ஒருவர் பிழைப்பில் இன்னொருவர் கை வைக்காமல் தடுக்கவும்தான். 17-ஆம் நூற்றாண்டில் எவ்லியா செலெபி தன் பயண நூலில், சுல்தான் முன்பு தொழிலாளர் சங்கங்கள் அணிவகுத்துச் சென்றதை எழுதும்போது அல்வாக்காரர்களையும் போஸா என்ற புளித்த கூழ் விற்பவர்களையும் தனித்தனியாகவே நடக்க விடுகிறார். வேலி போய்விட்டது, பாத்தி மட்டும் நின்றுவிட்டது. பெரிய கடை என்பதாலேயே மட்டம் என்றும் சொல்லவில்லை. எமினோனு பக்கம் பாஹ்செகபியில் இருக்கும் ஹாஜி பெகிர் 1777-இல் தொடங்கிய கடை. இன்று அங்கே பலதும் விற்கிறார்கள். ஆனாலும் அது அடிப்படையில் சர்க்கரை மிட்டாய்க் கடை. அங்கே போய் மெத்தென்ற லோகுமும் கண்ணாடிபோல் மின்னும் அகிதே மிட்டாயும் வாங்காமல் வேறொன்றை வாங்குவது, நெல்லையில் அல்வாக் கடைக்குப் போய்க் காராசேவு மட்டும் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவது போல. கடையின் மூலத்தொழில் எது என்று விசாரிப்பதுதான் நான் சொல்லும் முறை. எத்தனை வகை வைத்திருக்கிறார்கள் என்பது இரண்டாம் பட்சம்.

முகவரி ஏமாற்றும் என்பதற்கு இன்ஜி பேஸ்ட்ரிக் கடை நல்ல உதாரணம். 1944 முதல் இஸ்திக்லால் தெருவில் சாக்லேட் ஊற்றிய கிரீம் உருண்டையான ப்ரோஃபிதெரோலுக்குப் பேர்போன கடை. 2012 டிசம்பரில் கட்டடத்தைக் காலி செய்ய வேண்டிவந்தது. பிறகு பக்கத்துச் சந்து ஒன்றில் திறந்தார்கள். பழைய வழிகாட்டி நூலோடு போனவருக்கு வேலியடைத்த வாசல். பண்டத்தின் பெயரைச் சொல்லி விசாரித்தவருக்கு நாலு எட்டில் கடை.

மேலைநாட்டுப் பண்டமான ப்ரோஃபிதெரோல் எப்படித் துருக்கி மரபாகும் என்ற அடுத்த மறுப்பு இங்கேயே காத்திருக்கிறது. பக்லாவாவைக் கிரேக்கரும் ஆர்மேனியரும் அரபியரும் தங்களுடையது என்கிறார்கள். 2013-இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்பு கொடுத்தது ‘அன்தெப் பக்லாவா’வுக்கு, அதாவது காசியான்தெப் என்ற ஓர் ஊரின் செய்முறைக்கு. பக்லாவா என்ற சொல்லை யாருக்கும் பட்டா போடவில்லை. அந்த அன்தெப் கைமணமும் இஸ்தான்புல்லுக்கு வெளியூர்ச் சரக்குதான். கராக்கோய் துறையருகே குல்லுஓலு குடும்பம் காசியான்தெப்பிலிருந்து வந்து கடை போட்டது 1949-இல். வெஃபாவில் 1876 முதல் போஸா விற்கும் கடையைத் தொடங்கியவர், இன்று கொசோவோவில் இருக்கும் ப்ரிஸ்ரெனிலிருந்து வந்த அல்பேனியர். எனவே மண்ணின் தூய இனிப்பைத் தேடுகிறவர் இந்த ஊரில் பட்டினிதான் கிடப்பார். மரபு என்பது இங்கே வந்தவர்கள் எவ்வளவு காலம் ஒன்றையே விடாமல் செய்தார்கள் என்பதுதான்.

போஸா என்றதும் காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. தினையைக் காய்ச்சிப் புளிக்கவைத்த கெட்டிக்கூழ் அது. இனிப்பும் புளிப்புமாக இருக்கும், மேலே பட்டைத்தூள். வெஃபா கடைக்கு எதிரே வறுத்த கொண்டைக்கடலை வாங்கி அதில் போட்டுக்கொள்வது வழக்கம். வெயில் ஏறினால் புளிப்பு கட்டுமீறும் என்பதால் குளிர்கால இரவுதான் அதற்கு நேரம். துருக்கி எழுத்தாளர் ஓரான் பாமுக் 2014-இல் வெளியிட்ட நாவலின் நாயகன் மெவ்லுத், இரவில் தெருத்தெருவாகக் கூவி இதைத்தான் விற்கிறான். குல்லாச் இன்னும் பிடிவாதம். ஸ்டார்ச்சில் வார்த்த காகிதம்போன்ற அப்பளத்தாளைப் பாலில் நனைத்து, பன்னீர் தெளித்து, மாதுளை முத்து தூவுவது. ரமலானில் கடைக்குக் கடை நிற்கும், பெருநாள் பிறை தெரிந்ததும் பெரும்பாலான அலமாரிகளிலிருந்து காணாமல் போகும். ரமலானோ ஆண்டுக்குப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே, இந்த மாதம் போனால் கிடைக்கும் என்று எழுதிவைக்கவும் முடியாது.

இத்தனை சொல்லியும் என் வாதத்துக்கு அடங்காத பண்டங்கள் சில உண்டு. சாவு வீட்டில் மாவையோ ரவையையோ நெய்யில் நெடுநேரம் வறுத்துக் கிளறும் அல்வா அதில் ஒன்று. உறவினர்கள் முறைவைத்துக் கரண்டி பிடித்துக் கிளறி, அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார்கள். நாம் அல்வா கொடுப்பதற்கு வைத்திருக்கும் பொருளை அங்கே யாரிடமும் விளக்காமலிருப்பது நல்லது. இன்னொன்று அஷுரே. நோவாவின் கப்பல் கரை தட்டியபோது மிச்சமிருந்ததையெல்லாம் போட்டுக் காய்ச்சியது என்பார்கள். கோதுமை, கொண்டைக்கடலை, வெள்ளை மொச்சை, அத்தி, உலர்ந்த பாதாமி, திராட்சை எல்லாம் ஒரே பானையில் வேகும். முஹல்லெபிஜி கடையில் ஆண்டு முழுக்க ஒரு கிண்ணம் விலைக்கும் கிடைக்கிறது, குறையொன்றும் சொல்ல முடியாது. ஆனால் முஹர்ரம் பத்தாம் நாளை ஒட்டி அதைப் பெரிய பாத்திரத்தில் வைப்பதே பங்கிடத்தான். மாடி மாடியாகக் கதவு தட்டிக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்துவிட்டு வருவார்கள். கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை என்பதால், கொடுத்த வீட்டுக்குச் சில நாளில் நாலு துண்டு பொரெக்கோ ஒரு கைப்பிடி பருப்போ வந்து சேரும்.