இயைந்தால்தான் இயக்கம்

நுழையும்முன்

கல்லில் பொறித்தோம், ஓலையில் கீறினோம், தாளில் அச்சிட்டோம். இன்று கணினியில் சேமிக்கிறோம். சேமித்தவை எல்லாம் நிலைக்குமா? நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய கணினி ஒன்று இவ்வினாவை எழுப்புகிறது.

ஈரோட்டை அடுத்த அறச்சலூரில், பதினைந்து நூற்றாண்டுகளுக்கு மேல் பழமையான இசைக் கல்வெட்டு உள்ளது. பழைய எழுத்தை அறிந்தவர் அதனை இன்றும் படிக்கலாம். நெகிழ்வட்டில் உள்ளதையோ வெறுங்கண்ணால் படிக்க இயலாது. வட்டைச் சுழற்றும் இயக்கியும், அவ்வியக்கியை ஆளும் கட்டுப்பாட்டுச் சில்லும் இயைந்தால் மட்டுமே எழுத்து திரையில் தோன்றும்.

1981ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஏக்கார்ன் நிறுவனம் பிபிசி மைக்ரோ கணினியை வெளியிட்டது. 1984இல் இந்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ என்னும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்திலும் இக்கணினியே இடம்பெற்றது.

இதனுடன் இணைந்த ஐந்தேகால் அங்குல வட்டு இயக்கிகளுள் சில, வட்டின் ஒரு பக்கத்தில் 40 தடங்களை எழுதின. சில, அதே பரப்பில் 80 தடங்களை எழுதின. அகன்ற சாலும் நெருங்கிய சாலும் போன்றவை அவை. 80 தட வட்டை 40 தட இயக்கியால் படிக்க இயலாது. 40 தட வட்டை 80 தட இயக்கி படிக்க வேண்டுமானால், அதன் படிமுனை ஒவ்வொரு முறையும் இரண்டு தடம் நகர வேண்டும்.

சில்லிலும் வேறுபாடு இருந்தது. முதலில் பயன்பட்ட இன்டெல் 8271 ஒற்றை அடர்த்தியில் மட்டுமே எழுதியது. 80 தட வட்டின் ஒரு பக்கத்தில் 200 கிலோபைட்டு அடங்கியது. 1985இல் வந்த பி பிளஸ் கணினியில் வெஸ்டர்ன் டிஜிட்டல் 1770 சில்லு இடம்பெற்றது. அது இரட்டை அடர்த்தியிலும் எழுத வல்லது. அதற்குரிய கோப்பு முறையில் அதே பரப்பில் 320 கிலோபைட்டு அடங்கியது. ஆனால் அவ்வாறு எழுதிய வட்டு 8271 சில்லுக்குப் புரியவில்லை.

இங்கே ஒரு படிப்பினை உண்டு. கணினியின் பொதுக் கட்டளைகள் வழியே வட்டை அணுகிய நிரல்கள், சில்லு மாறிய பின்னும் பெரும்பாலும் இயங்கின. குறுக்குவழியில் 8271 சில்லிடமே நேரடியாகப் பேசிய நிரல்கள் புதிய கணினியில் நின்றுபோயின. பொதுநெறியைப் பற்றியவை பிழைத்தன. தனிவழி சென்றவை தடுமாறின.

தமிழ் எழுத்தும் கணினியில் இதே இடரைச் சந்தித்தது. எழுத்துருவுக்கு ஒரு குறியீட்டு முறை இருந்ததால், ஒருவர் தட்டச்சு செய்த தமிழ் மற்றொருவர் திரையில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றியது. 2010 ஜூன் மாதம் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நிகழ்ந்தபோது, தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ்16 முறையையும் தரமாக அறிவித்தது. எழுத்துக்கும் பொதுநெறி வாய்த்தது.

ஓலை சிதையுமுன் புதிய ஓலையில் படியெடுத்ததால்தான் சங்கப் பாடல்கள் நம்மை வந்தடைந்தன. வட்டுக்கும் அதுவே விதி. படிக்கும் கருவி இயங்கும்போதே பொதுநெறிக்கு மாற்றிப் படியெடுத்தல் வேண்டும். கருவி மறைந்தபின் வட்டு கையில் இருக்கும். அதிலுள்ள சொல் நமக்கு எட்டாது.