கழற்றி வந்த கதவு

கண்ணகி நகர். பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால், வரிசை வரிசையாக மாடிக் குடியிருப்புகள். ஒரு சுவர் முழுக்க இரண்டு குழந்தைகள் சிரிக்கிறார்கள். ஓவியர் ஏ-கில் வரைந்தது, 2020-இல். படத்தின் பெயர் ‘இப்படிக்கு கண்ணகி நகர்’.

சுவரோரம் ஓர் இளைஞர். பைக் சீட்டின் மேல் வேலை விண்ணப்பம். முகவரிக் கட்டத்தில் ‘துரைப்பாக்கம்’ என்று மட்டும் எழுதுகிறார். கண்ணகி நகர் என்று எழுதினால் கூப்பிட மாட்டார்கள். இங்கே அது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

உள்தெருவில் இன்னொரு சுவர். வெள்ளை அடித்துக் காய்ந்திருக்கிறது. சவுக்குக் கட்டையில் சாரம். கவிழ்த்த பெயிண்ட் டப்பாமேல் ஓர் ஓவியர், மடியில் நோட்டு.

எதிரே வாசற்படியில் ஆயா. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிறார். கூவம் கரையில் பிறந்தவர். கரையோரக் குடிசைகளைக் காலி செய்து 2000-லிருந்து இங்கே குடியேற்றினார்கள்.

“ஆறு அந்தாண்ட. நம்ம வூடு இந்தாண்ட.” விரல் காற்றில் கோடு இழுக்கிறது. பென்சில் தாளில் இழுக்கிறது.

லாரியில் என்னென்ன ஏற்றினீர்கள் என்று கேட்கிறார் ஓவியர்.

அம்மி. அடுப்பு. ரெண்டு குடம். அப்புறம், கதவு.

“புதுக் கதவு தம்பி. வுட்டுட்டு வர மனசு வர்ல. கழட்டி ஏத்திட்டோம்.”

ஆரம்பத்தில் கட்டிய வீடுகள் 200 சதுர அடிகூட இல்லை. கதவுக்குப் பொருந்தும் வாசல் இங்கே கிடைக்கவில்லை.

பேத்தி உள்ளேயிருந்து கதவை இழுத்து வருகிறாள். இத்தனை காலமாகத் துணி மூட்டை வைக்கும் பலகை அது. ஒரு கீல் மட்டும் மிச்சம். நாதாங்கியில் துரு. ஓவியர் சாணால் அளக்கிறார். சுவரில் அதே அளவில் கதவு எழும்புகிறது. நீலம் குழைக்கிறார்.

“நீலம் இல்ல கண்ணு.” ஆயா நகத்தால் சுரண்டுகிறார். அழுக்குக்கு அடியில் பச்சை.

நீலம் துடைக்கப்படுகிறது. பச்சை வருகிறது. ஆயா எழுந்து வந்து பார்க்கிறார். நாதாங்கி இடப்பக்கம் இருக்கிறது. தலையாட்டுகிறார். அதுவும் துடைக்கப்பட்டு வலப்பக்கம் போகிறது.

அடிபம்பு வரிசை மெல்லக் கலைகிறது. குடங்களை அப்படியே விட்டுவிட்டுப் பெண்கள் சுவரருகே வருகிறார்கள்.

“எங்க வூட்ல மீன் கூடை கீது,” என்கிறார் ஒருவர். “இருங்க, எட்த்தாறேன்.”

மாடிப்படியில் இரண்டு இரண்டாக ஏறுகிறார்.