காத்து நிற்க வேண்டிய வண்டி

பிள்ளைப்பேறு நோயன்று, ஆயினும் ஆபத்து அதன் அருகிலேயே நிற்கின்றது. இவ்விரண்டையும் ஒருங்கே உணர்ந்தவரே நல்ல மருத்துவமாது. அவரது திறமை கைப்பழக்கத்தில் மட்டும் அடங்குவதன்று. எவ்வேளையில் வைத்தியரை நாடவேண்டும் என்னும் தெளிவிலும் அடங்கியுள்ளது. அத்தெளிவு பயன்தர வேண்டுமாயின், நாடிச் செல்ல ஓர் இடமும் செல்வதற்கு ஒரு வழியும் முன்னரே ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

இலங்கையின் அனுபவமே இதற்குச் சான்று. 1930களில் இங்கு ஓர் இலட்சம் பிறப்புக்களுக்கு ஏறத்தாழ 2,000 தாய்மார் மாண்டனர். 1950 அளவில் அத்தொகை 500, 600 என்னும் அளவுக்கு இறங்கியது. மலேரியாக் கட்டுப்பாடும் புதிய மருந்துகளும் இதற்குத் துணைபுரிந்தன. ஆயினும் 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் பங்கு மறக்கற்பாலதன்று. வீடு தேடி வந்த மருத்துவமாது தனித்து வரவில்லை. அவருக்குப் பின்னால் சுகாதார வைத்திய அதிகாரியும் கட்டணமின்றி ஏற்கும் அரசாங்க வைத்தியசாலையும் நின்றன.

கேகாலை மாவட்டத்துத் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் இத்தொடர்பு நெடுங்காலம் முழுமை பெறவில்லை. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தொழிலாளரின் வைத்தியப் பொறுப்பைப் பெரும்பாலும் தோட்ட நிருவாகத்திடமே விட்டது. லயத்துக் காம்பராவில் பேறு பார்க்க ஒருவர் இருந்தாலும், லொறி நிருவாகத்தினுடையது. நள்ளிரவில் சாரதியை எழுப்பும் உரிமை கணவனிடம் இல்லை. பேற்றின்பின் குருதிப்பெருக்கு நிற்காதாயின் இரண்டு மணி நேரத்திற்குள்ளும் உயிர் போகலாம். அனுமதி கேட்டு நிற்பதற்கு அது போதிய அவகாசமன்று.

தாய்மரணத்துக்கு இட்டுச்செல்லும் தாமதங்கள் மூன்று என 1994இல் தடீயஸ், மெயின் என்னும் ஆய்வாளர் இருவர் வகுத்தனர்: முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்தபின் சிகிச்சை பெறுவதில் தாமதம். வீட்டுப்பேறு இன்றும் வழக்கிலுள்ள நெதர்லாந்தில், எந்நிலையில் தாயை வைத்தியசாலைக்கு மாற்றவேண்டும் என்பதை எழுத்திலேயே வரையறுத்துள்ளனர். ஆகவே வீட்டில் பெறத் திட்டமிடுவோர் முன்கூட்டியே தீர்க்கவேண்டியவை தெளிவானவை: சத்திரசிகிச்சை வசதியும் இரத்த வங்கியும் உள்ள வைத்தியசாலை எது, அங்கு யாரிடம் முன்னறிவிப்பது, எந்த வண்டி வரும், அது வராவிடில் வேறெது, மூத்த பிள்ளைகளை யார் பார்ப்பது, மருத்துவமாது ‘போகவேண்டும்’ என்றால் மறுபேச்சின்றி இணங்குவது யார். கடைசியாகச் சொன்னதே முதன்மையானது. மாமியாரின் சம்மதத்துக்கோ, மந்திரிப்பவரின் வருகைக்கோ காத்திருந்த நாழிகையை எவ்வண்டியும் மீட்டுத்தராது.

இன்று இலங்கையில் ஏறக்குறைய எல்லாப் பேறுகளும் வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. 2016இல் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவையும் உண்டு. எனினும் யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து மலைச்சரிவுகளில் மழை பெய்தால் பாதையே ஐயத்துக்குரியதாகின்றது. 2016 மே மாதத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண்சரிவு பல உயிர்களைக் கொண்டமை எவரும் அறிந்ததே. லயத்துக்கும் பிரதான வீதிக்கும் இடையிலுள்ள அந்தச் சில மைல்களே இன்னும் தீராத கேள்வி. பேறு எங்கு நிகழ்வதாயினும், தாய்க்கு நாள் நெருங்குமுன் அப்பாதைக்கு ஒருவர் பொறுப்பேற்றாக வேண்டும். அது அவள் கேட்டுப் பெறும் சலுகையன்று, அவளுக்குரிய உரிமை.