ஆணிக் காட்டில் ஒரு பவுன்

‘பவுன்’ என்பது இங்கிலீஷ்காரன் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன சொல். ‘டாலர்’ என்பது அமெரிக்காக்காரனிடமிருந்து நாமே எடுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்ட சொல். என் மனைவியின் கழுத்தில் இருந்தது, பவுன் காசில் செய்த டாலர். அது இங்கிலாந்தில் ஒரு கீரைப் பாத்தியில் விழுந்து தொலைந்தது. இந்த மூன்று தேசத்து விவகாரத்தில் அகப்பட்டுக்கொண்டு நான் பட்ட பாட்டைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அந்தக் காசு என் மாமியாருடையது. அவருடைய காசு மாலையைப் பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது என் மனைவியின் பங்குக்கு இரண்டு காசுகள் வந்தன. இரண்டும் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்டவை, 1918-ஆம் வருஷத்தியவை. அந்த ஒரு வருஷந்தான் பம்பாயில் இங்கிலீஷ் பவுன் அடித்தார்கள். பின்புறத்தில் செயிண்ட் ஜார்ஜ் ஏறிவரும் குதிரைக்குக் கீழே, தரையில், கடுகளவுக்கு ஓர் ‘ஐ’ எழுத்து இருந்தால் அது பம்பாய்க் காசு. ஒன்றை எங்கள் பெண்ணுக்குக் கல்யாணத்தின்போது கொடுத்துவிட்டாள். மற்றொன்றுக்குக் கொக்கி வைத்துத் தான் போட்டுக்கொண்டாள்.

“ஏனுங்க, கொக்கி தேஞ்சு போச்சு. ஆசாரிகிட்டக் குடுத்துப் பத்த வச்சுட்டு வாங்க” என்று கரூரில் கிளம்புவதற்கு முன்னால் அவள் மூன்று தடவை சொன்னாள். “ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம்” என்று நானும் மூன்று தடவை சொன்னேன். கதையின் குற்றவாளி யார் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது அல்லவா?

2023 மே மாதம். பெண் பர்மிங்ஹாமில் வேலை பார்க்கிறாள். வீடு பக்கத்தில் ஹேல்ஸோவன் என்ற ஊரில். வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறு தோட்டம். அங்கே போன நாளிலிருந்தே அந்தத் தரிசு மண் என் மனைவியின் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு புதன்கிழமை மண்வெட்டியை எடுத்து, வெந்தயக் கீரைக்கும் கொத்தமல்லிக்குமாகப் பாத்தி கொத்திவிட்டாள். மாலையில் கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தவள், கழுத்தைத் தடவிப் பார்த்தாள். சங்கிலி இருந்தது.

“டாலரைக் காணோம்” என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குத் திரும்புகால் விமானம்.

எங்கள் ஊர் அமராவதி ஆற்றில் மணலைச் சலித்துப் பழங்காசு பொறுக்குகிறவர்கள் உண்டு. ரோமாபுரிக் காசுகூட அகப்பட்டிருக்கிறது. அந்த தைரியத்தில் நான் சமையலறைச் சல்லடையை எடுத்துக்கொண்டு போனேன். மணல் சலிப்பது வேறு, சீமைக் களிமண்ணைச் சலிப்பது வேறு என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. சல்லடையும் போயிற்று.

மாப்பிள்ளைதான் பக்கத்து வீட்டுப் பெரியவரை அழைத்து வந்தார். ரிடையர் ஆனவர், உழுத வயல்களில் மெட்டல் டிடெக்டரை வைத்துக்கொண்டு பழங்காசு தேடுவது அவருடைய பொழுதுபோக்கு. நீளமான தடி, நுனியில் சாப்பாட்டுத் தட்டைப் போல ஒரு வட்டம், கைப்பிடிக்கு மேலே ஒரு சின்னத் திரை. மனுஷர் அதைத் தரையோரமாக ஒரு வீச்சு வீசினார். கொட்டகையில் ஐம்பது தவளைகளை அடைத்து வைத்தாற்போல அது கத்தியது. பாத்தியின் எந்த மூலைக்குப் போனாலும் அதே கச்சேரி.

பெரியவர் ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்துக் காட்டினார். துரு ஏறிய ஆணிகள் மூன்று; இரும்புக் கிட்டம் ஒரு கட்டி. அப்போதுதான் விஷயம் தெரிந்தது. ஒரு காலத்தில் அந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு கொல்லைப்புறத்தில் உலை வைத்து ஆணி அடித்தார்களாம். ஆண்கள் மட்டுமல்ல, பெண்களும் குழந்தைகளும்கூட. இயந்திர ஆணி வந்த பிறகு அந்தத் தொழில் நலிந்தது. மனிதர்கள் போய்விட்டார்கள், ஆணிகள் போகவில்லை. அந்த ஆணிக் காட்டில் என் மனைவியின் காசு எங்கேயோ கிடந்தது.

“இதில் இரும்பை ஒதுக்க வழி உண்டா?” என்று கேட்டேன்.

“உண்டு” என்றார்.

“அப்படியானால் எல்லா இரும்பையும் வாயை மூடச் சொல்லுங்கள்.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, டிஸ்கிரிமினேஷன் என்ற எண்ணை உச்சிக்கு ஏற்றிக் கருவியை என் கையில் கொடுத்தார். ஆஹா, என்ன அமைதி! மறுநாள் வியாழக்கிழமை காலையில் அரை மணி நேரத்தில் பாத்தி முழுவதும் நடந்து முடித்துவிட்டேன். கருவி மூச்சு விடவில்லை. “காசு இங்கே இல்லை. வேறெங்கோ விழுந்திருக்கிறது” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன். என் மனைவி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுதப் போவதில்லை.

பெரியவர் மட்டும் சிரித்தார். சாவகாசமாக ஒரு கதை சொன்னார். 1881-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை ஒருவன் சுட்டுவிட்டான். உடம்புக்குள் குண்டு எங்கே இருக்கிறதென்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல், உலோகத்தை உணர்ந்து ஒலிக்கும் கருவி ஒன்றைச் செய்துகொண்டு வந்தார். சோதனையில் பிரமாதமாக வேலை செய்த கருவி, ஜனாதிபதியின் பக்கத்தில் போனதும் குழம்பிவிட்டது. படுக்கைக்குள் இருந்த எஃகுச் சுருள்களே அதற்குக் காரணம் என்று சொல்வார்கள். போதாக்குறைக்கு, வலப்புறத்தில்தான் தேடலாம் என்று பிரதம வைத்தியர் பிடிவாதம் பிடித்தார். குண்டோ இடப்புறத்தில் இருந்தது. செப்டம்பரில் ஜனாதிபதி இறந்துபோனார்.

“இரும்பு கத்துவதால் வருகிற தொல்லை பாதிதான். கத்தாதபடி அடக்கி வைத்தால் வருகிற தொல்லை அதைவிடப் பெரிது” என்றார் பெரியவர்.

அது எப்படி என்று விளக்கினார். வட்டத்துக்குள் இருக்கும் கம்பிச் சுருள் மண்ணுக்குள் ஒரு காந்த அலையை அனுப்புகிறது. அது பட்டவுடன் உலோகத்துக்குள் சின்னச் சின்ன மின்சாரச் சுழல்கள் உண்டாகி, எதிரொலியைப் போல ஒன்று திரும்பி வருகிறது. தங்கத்தின் எதிரொலி ஒரு தினுசு, செம்பு ஒரு தினுசு, இரும்பு வேறொரு தினுசு. அந்த வித்தியாசத்தைத்தான் கருவி எண்ணாகவும் சுருதியாகவும் சொல்கிறது. ஆனால் ஆணியும் காசும் ஒட்டிக் கிடந்தால் இரண்டு எதிரொலியும் கலந்து வருகின்றன. இரும்பை அறவே ஒதுக்கு என்று நாம் உத்தரவிட்டிருந்தால், கருவி ஆணியோடு சேர்த்துக் காசையும் விழுங்கிவிட்டுப் பேசாமல் போய்விடும். எனக்குக் கிடைத்த அமைதி அப்படிப்பட்ட அமைதி.

“பரீட்சை செய்து பார்க்கலாம். அதே மாதிரி இன்னொரு காசு இருக்கிறதா?” என்றார்.

இருந்தது. பெண்ணிடம் கொடுத்த மற்றொரு காசு. “ஒண்ணைத் தொலைச்சது போதாதா? அதையும் மண்ணுல போடணுமா?” என்று என் மனைவி குறுக்கே வந்து நின்றாள். ஒன்றரை நாளைக்கு அப்புறம் அவள் பேசிய முதல் வார்த்தை! கடைசியில் காசின் கொக்கியில் முழ நீளம் சிவப்பு நூலைக் கட்டி, நூலின் மறு நுனியைத் தன் விரலில் சுற்றிக்கொண்டபிறகே சம்மதித்தாள்.

ஒரு பலகையின்மேல் காசை வைத்து, சுற்றிலும் நாலு துரு ஆணிகளை நெருக்கி வைத்தார் பெரியவர். நான் உபயோகித்த அதே கணக்கில் கருவியை வீசினார். ஒரு சத்தமும் இல்லை. காசு கண்ணெதிரே பளபளவென்று மின்னுகிறது. கருவி ஊமையாக இருக்கிறது. எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

பிறகு அவர் ஒவ்வொன்றாக மாற்றினார். ஒரே சமயத்தில் இரண்டை மாற்றக்கூடாதாம். எது பலன் தந்தது என்று தெரியாமல் போய்விடுமாம். முதலில் டிஸ்கிரிமினேஷனை அடியோடு இறக்கினார். இரும்பு பேசட்டும், ஆனால் கீழ் ஸ்தாயியில், மெல்லிய குரலில் பேசட்டும். காசு மேல் ஸ்தாயியில் பேசட்டும் என்று சுருதி பிரித்து வைத்தார். அடுத்தது சென்ஸிடிவிடி. அதிகமாக வைத்தால் நல்லதுதானே என்று நான் நினைத்தேன். கூடாதாம். ஆழத்தில் இருக்கிற ஆணிகளும் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும். “உங்கள் மனைவி மண்வெட்டியால் ஓர் அடியா வெட்டினார்? ஐந்தாறு அங்குலத்துக்குக் கீழே நமக்கு என்ன வேலை?” என்று பாதியாகக் குறைத்தார்.

மூன்றாவது ரிகவரி ஸ்பீட். எனக்கு மிகவும் பிடித்துப்போனது இதுதான். ஒரு பொருளைக் கேட்டு முடித்து அடுத்த பொருளைக் கேட்கத் தயாராவதற்குக் கருவிக்கு ஒரு நொடியில் சிறு பகுதி தேவைப்படுகிறது. ஆணிக்கும் காசுக்கும் நடுவில் அந்த அவகாசம் இல்லையென்றால் இரண்டும் ஒன்றாகிவிடும். வேகத்தைக் கூட்டினால் ஆழம் கொஞ்சம் குறையும். ஆனால் ஒட்டிக் கிடப்பவை தனித்தனியாகக் கேட்கும். தவில்காரர் துரிதமாக வாசித்தாலும் சொற்கள் தனித்தனியாக விழுவதில்லையா, அந்த மாதிரி.

இவ்வளவையும் செய்துவிட்டு, 11 அங்குல வட்டத்தைக் கழற்றி 6 அங்குல வட்டத்தை மாட்டினார். பெரிய தட்டின் கீழே பத்து ஆணி இருக்குமானால் சின்னத் தட்டின் கீழே மூன்றுதான் இருக்கும். கடைசியாக, கருவியை மேலும் கீழுமாக அசைத்து மண்ணின் குணத்துக்கு ஏற்பச் சரி செய்தார். ஆணி இல்லாத ஒரு முழ இடத்தைக் கண்டுபிடிப்பதற்கே கால் மணி ஆயிற்று.

மறுபடியும் பலகைமேல் வீசினார். கறமுற கறமுற என்று தவளைகளுக்கு நடுவில், ஒரே ஒரு கணம், குயில் கூவினாற்போல ஒரு ஸ்வரம். என் மனைவி நூலைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை முழுவதும் ஆமை வேகத்தில் நடந்தோம். ஒரு சதுர கஜத்துக்கு அரை மணி. குயில் கேட்ட இடத்தில் எல்லாம் நின்று, தொண்ணூறு டிகிரி திரும்பிக் குறுக்கு வாட்டில் மறுபடியும் வீச வேண்டும். வளைந்த ஆணிக்கும் வாஷருக்கும் குயில் வேஷம் போடத் தெரியும். ஆனால் பக்கம் மாறினால் பெரும்பாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். காசுக்கு எந்தப் பக்கமும் ஒரே குரல்தான். அலுமினியத் துண்டுதான் மகா மோசம். அது ஏறக்குறையத் தங்கம் மாதிரியே பாடுகிறது. அதைத் தோண்டித்தான் பார்க்கவேண்டும், வேறு வழியில்லை. சாயங்காலத்துக்குள் பானம் அடைத்த டப்பாக்களின் மூடி வளையம் ஏழு, விக்டோரியா மகாராணியின் பென்னி ஒன்று. 1862 என்று பேரன் படித்துச் சொன்னான். பெரியவருக்கு ஒரே சந்தோஷம். எங்களுக்கு இல்லை.

அன்றிரவு பெரியவர் ஆறுதலாக இன்னொன்று சொன்னார். 1992-இல் ஸஃபோக் ஜில்லாவில் ஹாக்ஸன் என்ற கிராமத்தில், ஒரு குடியானவர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடிக் கொடுக்கப் போனார் எரிக் லாஸ் என்பவர். அகப்பட்டதோ கிட்டத்தட்ட 15,000 ரோமாபுரி நாணயங்கள்! கொஞ்சம் எடுத்துப் பார்த்ததும் தோண்டுவதை நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குச் சொல்லி அனுப்பினார். சுத்தியலும் பிறகு கிடைத்தது. அதையும் பிரிட்டிஷ் மியூஸியத்திலேயே வைத்துவிட்டார்கள். இங்கே 1996-ஆம் வருஷத்துச் சட்டப்படி புதையல் அகப்பட்டால் 14 நாளைக்குள் தெரிவிக்க வேண்டுமாம். நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் தேடவே கூடாதாம். “எங்க காசுக்குச் சட்டம் வேண்டாம், காசு வந்தாப் போதும்” என்றாள் என் மனைவி. பேச ஆரம்பித்திருந்தாள் என்பதைக் கவனியுங்கள்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணி இருக்கும். பாத்தியின் வேலியோரத்து ஓரம். முதல் நாள் நான் கம்பீரமாக நடந்துபோன அதே வழி. தவளை, தவளை, தவளை, நடுவில் ஒரு கூவல். அரைக் கூவல் என்றுதான் சொல்ல வேண்டும். திரும்பி நின்று வீசினேன். மறுபடியும் அரைக் கூவல். திரையில் எண் நிலையாக நிற்கவில்லை. பரீட்சைக் காசின் எண்ணுக்குக் கிட்டே வந்துவிட்டு விலகி ஓடியது. பெரியவர் கருவியை வாங்கவில்லை. “பக்கத்தில் ஆணி இருந்தால் எண் அப்படித்தான் தடுமாறும். குரலை நம்புங்கள்” என்றார்.

தோண்டினேன். முதலில் ஆணி, கட்டைவிரல் நீளம், சதுரத் தலை. மூன்று அங்குலத்தில் களிமண் கட்டி ஒன்று. பேனா போன்ற ஒரு சின்னக் கருவியை அதன்மேல் வைத்தார் பெரியவர்; அது விறுவிறுவென்று அதிர்ந்தது. கட்டியை நான் உடைக்கவில்லை. அப்படியே கொண்டுபோய் என் மனைவியின் உள்ளங்கையில் வைத்தேன்.

அவள் கட்டைவிரலால் மண்ணைத் தள்ளினாள். மஞ்சளாக ஒரு விளிம்பு தெரிந்தது. அப்புறம் குதிரையின் கால். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கடுகளவு எழுத்து இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு ஒன்றும் பேசாமல் முந்தானை நுனியில் முடிந்துகொண்டு உள்ளே போய், பெரியவருக்குக் காப்பி கலந்து எடுத்துவந்தாள். எனக்கும் ஒரு டம்ளர் இருந்தது.

அந்த முடிச்சு கரூர் வந்து சேர்கிறவரையில் அவிழவில்லை. வந்த மறுநாளே கடைவீதிக்கு நானும் கூடப் போனேன். ஆசாரி காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கொக்கி அறுந்து ரொம்ப நாள் ஆன மாதிரி தெரியலையே, அம்மா. ஆனா தேஞ்சது எப்பவோ தேஞ்சிருக்கே. முன்னாலேயே கொண்டு வந்திருக்கக் கூடாதா?”

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் தெருவில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.