வலிமை மட்டும் போதுமா?

கணித வல்லுநர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்து 1993இல் வெளியான ‘மேஜிக்’ அட்டை விளையாட்டை என் தமக்கை மகன் எனக்குக் கற்பித்தான். சேமிப்பு முழுவதையும் அரிய, வலிய அட்டைகளிலேயே அவன் செலவிட்டிருந்தான். ஆயினும் தோல்வியே கண்டான். காரணம் யாது?

போட்டிக்குரிய தொகுதியில் குறைந்தது 60 அட்டைகள் வேண்டும். அவற்றுள் பெரும்பாலும் 24 அளவில் எளிய ‘நில’ அட்டைகள் அமைதல் நலம். ஏனைய அட்டைகளை இயக்கும் ஆற்றலை நிலமே தருகிறது. அது குறைந்தால் வலியவை கையிலேயே முடங்கும். விரைந்து களமிறங்கும் சிறு அட்டைகளும், எதிரியின் தாக்குதலை முறிப்பனவும் தேவை. முதல் ஆட்டம் முடிந்தபின் எதிரியின் போக்கறிந்து மாற்றிக்கொள்ள, 15 அட்டைகள் வரை தனியே வைக்கலாம்.

சிந்தித்துப் பாருங்கள்! பிள்ளைகள் அடுத்த பொட்டலத்துக்குக் காசு கேட்டால், “உன் தொகுதியில் நிலம் எத்தனை?” என்று முதலில் கேளுங்கள்.