முன்சக்கரத்தின்மேல் ஓர் ஆசனம்

சென்னைப் புதுப்பேட்டையில், பழைய வாகனங்களின் உறுப்புகளை மலையாகக் குவித்து விற்கும் கடைகளுக்குப் பின்னாலுள்ள ஒரு சந்தில், பல ஆண்டுகள் கொட்டகையில் முடங்கிக் கிடந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரொன்றைச் செப்பனிடுவதாகக் கேள்வியுற்று, அதைப் பார்க்கச் சென்றேன். 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் என்ற பெயரோடு தோன்றி, 1961 முதல் நம் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் உருவான கார் அது. இத்தாலியரான மிச்செலோட்டி வகுத்த அதன் உருவத்தில் விசேஷம் யாதெனில், மட்கார்டுகள் உட்பட முகப்பு முழுவதும் ஒரே மூடியாக முன்புறம் சாய்ந்துகொள்ள, மேஸ்திரியானவர் முன்சக்கரத்தின் மேலேயே சௌகரியமாக அமர்ந்து எஞ்சினோடு சம்பாஷிக்கலாம் என்பதே. இக்காலத்துக் கார்களிலோ மூடியைத் திறந்தால் மற்றொரு மூடிதான் தரிசனம் தருகிறது.

காரின் சொந்தக்காரரான நண்பர் தம் தகப்பனார் ஓட்டிய வண்டியின் குரலைக் கேட்கும் ஆவலில் சாவியைத் திருகப் போனார்.

"சாவியைப் பையில வெச்சுக்கங்க சார். இப்பத் திருப்பினா ரிங்கு போயிடும்" என்று தடுத்துவிட்டார் மேஸ்திரி.

உலர்ந்துபோன சிலிண்டரில் பிஸ்டன் ரிங்குகள் துருவேறிப் பற்றியிருக்கும். ஆதலால் பிளக்குகள் நான்கையும் கழற்றி, உள்ளே எண்ணெய் வார்த்து, அது ஊறும்வரை காத்திருந்து, பிறகு புல்லி நட்டில் ஸ்பானரை மாட்டிக் கையாலேயே இம்மி இம்மியாக அசைத்துப் பார்ப்பதுதான் அவருடைய சம்பிரதாயம். பெட்ரோல் வற்றிப் பிசினாய்ப் படிந்திருந்த கார்பரேட்டரைத் தின்னரில் கழுவிய சிறுவன், ஜெட்டின் துவாரத்தில் கம்பியை விடப்போனபோது, "டேய், காத்தடிச்சு எடு, ஓட்டை பெருசாயிடும்" என்ற அதட்டல் விழுந்தது. அந்த மயிரிழைத் துவாரத்தின் அளவைப் பொறுத்தே எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலின் அளவு அமைகிறதென்பதை அவன் அன்று கற்றிருப்பான்.

சொந்தக்காரருக்கோ வர்ணத்தின் மீதே கவனம்.

"மொதல்ல நிக்கட்டும் சார், அப்புறம் ஓடட்டும். பெயிண்டு எங்க போயிடப் போவுது?"

மேஸ்திரி சொன்னது பிரேக்கை. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுடையது. அந்த ஈரம் சக்கரந்தோறும் உள்ள சிலிண்டர்களை உள்ளிருந்தே அரித்திருந்ததைக் கண்டபின், நண்பர் வர்ணத்தைப் பற்றிப் பேசவில்லை. டிங்கர் வேலை மட்டும் எதிர்பார்த்ததைவிட எளிதாய் முடிந்தது; சேஸிஸ் தனி, மேற்கூடு தனியென அமைந்த கார் ஆகையால், துருப்பிடித்த தகடுகளில் பலவற்றை போல்ட்டைக் கழற்றியே பிரித்துவிட்டார்கள்.

பின்னொரு நாள் அதில் ஏறி ஜி.எஸ்.டி. சாலையில் சென்றோம். 948 சி.சி. எஞ்சின் அவசரங்களுக்கு உடன்படாது. வளைவில் விரைந்து புகுந்து திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால், பின்சக்கரம் உள்நோக்கி மடங்கப் பார்க்கும் குணமும் உண்டு. ஆனால் 25 அடி விட்டத்துக்குள் அது திரும்புகிற லாகவத்தை அனுபவிப்பதற்காகவே நண்பர் காரணமின்றி இரண்டு முறை திரும்பினார். பின்னிருக்கையில் கண்மூடிச் சப்தத்தையே கேட்டுக்கொண்டு வந்த மேஸ்திரி, "டாப்பெட்டு கொஞ்சம் பேசுது சார், நாளைக்குக் கொண்டாங்க" என்றார்.